காற்றுக்கு முதுகு காட்டி வேலூர் வரை

புதன்கிழமை காலை கடலூரில் ரயில் ஏறும்போதே எனக்கு மனசு சரியில்லை. ஐப்பசி பாதி கழிந்திருந்தது. மழை இல்லை. ஆனால் துறைமுகத்துக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகளெல்லாம் கழிக்குள் வந்து ஒதுங்கிவிட்டன. அலை நீண்ட இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல், கனமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. அலை அப்படி விழுந்தால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பெரிய காற்று ஒன்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இருபது வருஷமாக அந்த ஊரில் வெற்றிலை மண்டி வைத்திருப்பவனுக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. பரமத்தி வேலூரில் என் தம்பி ராசு முதல்முதலாகச் சொந்தக் கொடிக்கால் போட்டிருந்தான். மேட்டூரில் அணை கட்டினபோது மண் சுமந்தவன். பிறகு ஊரார் கொடிக்கால்களில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவன். நாற்பது வயசுக்கு மேல்தான் காவிரிக் கரையோரம் தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாய்த்தது. வெள்ளிக்கிழமை அதில் முதல் கிள்ளு. 'அண்ணன் கையாலதான் கிள்ளோணும்' என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பிவிட்டான். என் வீட்டார் தீபாவளிக்குக் கரூர் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. மண்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, சின்னப் பெட்டி ஒன்றோடு கிளம்பிவிட்டேன்.

கொடிக்காலைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அகத்தி மரங்களை வரிசை வரிசையாக வளர்த்து, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியைக் கோரையால் கட்டி ஏற்றுவார்கள். மரத்தின் நிழலில்தான் கொடி பிழைக்கும். உள்ளே போனால் பட்டப்பகலில் பச்சை இருட்டு. அகத்தி சீக்கிரம் வளரும். அந்தச் சீக்கிரத்துக்குத் தக்கபடி மெத்தென்று இருக்கும். பெருங்காற்று அடித்தால் மரம் முறியும், முறிந்தால் கொடி கூடவே கிழிந்து போகும். கொடிக்கால் வைத்திருப்பவனுக்கு மழை வேண்டும், காற்று ஆகாது. ஐப்பசியில் இரண்டும் ஜோடியாகத்தான் வரும் என்பதுதான் வம்பு.

விருத்தாசலத்தில் வண்டி மாறினேன். அங்கே காற்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையை நீட்டிப் பார்த்தேன். கிழக்கைக் காட்டியது. எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் தன் மூட்டையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

எனக்குப் பித்துப் பிடிக்கவில்லை. கப்பல்காரர்களுடைய வழக்கம் இது. துறைமுகத்தில் வெற்றிலை விற்றுப் பழகியதில் எனக்கும் தொற்றிக்கொண்டது. புயல் என்றால் காற்று ஒரே திசையில் நேராக ஓடுவது என்றுதான் உள்நாட்டில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெயில் காலமெல்லாம் காய்ந்த கடல் ஐப்பசியிலும் வெந்நீர் மாதிரி கதகதப்பாக இருக்கும். அதன் ஈரக் காற்று சூடாகி மேலே எழும்பும். மேலே குளிர்ந்து மேகமாகும்போது, தன்னிடம் இருக்கும் சூட்டை அங்கே விட்டுவிடும். அந்தச் சூட்டில் இன்னும் காற்று எழும்பும். கீழே காலியான இடத்தை நிரப்ப நாலா பக்கத்திலிருந்தும் காற்று ஓடி வரும். பூமி சுற்றிக்கொண்டிருப்பதால் அது நேராக வந்து சேராமல், வழி விலகி, வளைந்து வளைந்து சுழல ஆரம்பிக்கும். நம் பக்கத்துக் கடல்களில் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகத்தான் அது சுழலும். கடலின் சூடு கிடைக்கிறவரை பெருத்துக்கொண்டே போகும். கரை ஏறிவிட்டால் தீனி நின்று, ஓய்ந்து ஓய்ந்து மழையாகக் கொட்டித் தீர்ந்துபோகும்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், சுழலின் நடு மையம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். புயல் உங்களைத் தாண்டி ஒதுங்கிப் போவதானால், நேரம் ஆக ஆகக் காற்றின் திசை மாறிக்கொண்டே வரும். திசை மாறாமல் வலு மட்டும் ஏறிக்கொண்டே போனால், அது நேராக உங்களிடம்தான் வருகிறது.

ஆத்தூர் தாண்டி இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. சேலத்தில் இறங்கியபோது நல்ல மழை. காற்று வடக்கிலிருந்துதான். கிழக்கே தந்திக் கம்பி செத்துவிட்டது என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். கடலூருக்கு ஒரு தந்தி அடித்து மண்டி என்ன ஆயிற்று என்று கேட்கலாமென்றால், அதற்கும் வழியில்லை. யுத்தம் வந்ததிலிருந்து கடல் சமாசாரம், காற்றுச் சமாசாரம் எதையும் சர்க்கார் வெளியே விடுவதில்லை; பத்திரிகையில் தேடிப் பிரயோஜனமில்லை. சத்திரத்தில் படுத்தேன். தூக்கம் எங்கே வந்தது!

வியாழக்கிழமை விடிந்ததும் நாமக்கல் பஸ்ஸுக்குப் போய் நின்றேன். கட்டணம் எட்டணா. தூரம் முப்பத்திரண்டு மைல். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால், பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் வாயுவில் ஓடும் பஸ். மற்ற நாளில் அதைக் கிளப்ப, கிளீனர் துருத்தியைச் சுற்றிச் சுற்றி அரை உயிராகிவிடுவான். அன்று வேலையே இல்லை. காற்று வீசின வீச்சில் அடுப்பு தானே செக்கச்செவேலென்று எரிந்தது.

"இன்னிக்கித்தான் வண்டி வண்டி மாதிரி ஓடுதுங்க" என்றார் டிரைவர் சந்தோஷமாக. "இந்தக் காத்து தெனமும் அடிச்சா, நாமக்கல்லுக்கு ரெண்டு நடை சேத்தி அடிப்பனுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் புளியங்கொப்புகள் முறிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் இழுத்துப் போட்டுவிட்டு நகர வேண்டியிருந்தது. ராசிபுரத்தில் இறங்கினேன், முதுகைக் காட்டி நின்றேன்: கிழக்கு. நாமக்கல்லில் மலைக்கோட்டை திசை தப்பாமல் காட்டிக்கொடுக்க, மறுபடியும் நின்றேன்: கிழக்கேதான். காற்று மட்டும் இரண்டு பங்கு ஏறியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ராசிபுரத்து நெசவாளி, மடியில் சேலை மூட்டை. அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, ஊருக்கு ஊரு எறங்கிக் கையை நீட்டறீங்களே, யாராச்சும் எதுக்கால வாராங்களா?"

"ஆமாங்க. பின்னாலயே வந்துக்கிட்டு இருக்குது" என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மேலும் கீழும் என்னைப் பார்த்துவிட்டு, மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார். நாமக்கல்லில் வண்டி மாறி, பரமத்தி வழியாக வேலூருக்குப் பன்னிரண்டு மைல். அந்தப் பன்னிரண்டு மைலுக்குள் எத்தனை முறை டிரைவரை அவசரப்படுத்தினேன் என்று கணக்கில்லை. அவரும் கணக்கு வைக்காமல் திட்டினார். என் பயமெல்லாம் காற்றைப் பற்றி அல்ல. காற்று நின்றுவிடுமே என்றுதான் பயந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் கடலூரில் ஒரு புயல் எங்கள் தலைமேலேயே போயிற்று. வடகாற்று அடித்து நொறுக்கிவிட்டுச் சட்டென்று நின்றது. சுழலின் நடுவில் காற்று இருக்காது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அப்பாடா என்று எல்லோரும் தெருவில் இறங்கினோம். என் மண்டிக்கு எதிரே காபிக்கடை வைத்திருந்தவர், சரிந்த ஓட்டை அடுக்குவதற்குக் கூரைமேல் ஏறினார். சுழலின் மறுபாதி தெற்கிலிருந்து வந்தது. ஓட்டோடு அவரும் கீழே வந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. நல்ல மனிதர், கடன் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்.

பரமத்தி தாண்டினதும் நான் பயந்தது நடந்தது. மரங்கள் அசைவதை நிறுத்தின. மழை விட்டது. பஸ்ஸில் எல்லோரும் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். நான் மட்டும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன். கடற்கரையில் அந்த அமைதி குறுகிய நேரத்தில் முடிந்துபோகும். இவ்வளவு உள்ளே வந்து தளர்ந்த புயலில் மையம் பரந்துவிடும், அமைதியும் நீளும் என்று கப்பல்காரர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். எவ்வளவு நீளும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

வேலூரில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கொடிக்கால் வாசலில், எவ்வளவு அவசரமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வழக்கத்தைக் கால்கள் தாமே செய்தன. உள்ளே பார்த்தால், நான் எதற்குப் பயந்து ஓடிவந்தேனோ அதையே எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள்.

வேலூர்க்காரர்கள் வாடைக் காற்றுக்குப் பழகியவர்கள். காற்று எழும்பினால் வடக்குப் பக்கம் ஓலைத் தட்டி நிறுத்துவார்கள். அகத்தித் தலைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். மரம் தெற்கே சாயாமலிருக்கத் தெற்கே மூங்கில் முட்டுக் கொடுப்பார்கள். எல்லாம் வடக்கிலிருந்து வரும் அடிக்குத்தான். காற்று நின்றதும் ஒரு நொடி தாமதிக்காமல் கயிறுகளை அறுத்துவிடுவார்கள். ஈரத்தோடு நெருக்கிக் கட்டிய கொடி புழுங்கி வெந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பில்லை, வாடைக் காற்றுக்கு. ஆகவே ஆண் பெண் எல்லோரும் அக்கம்பக்கத்துக் கொடிக்கால்களில் அரிவாளோடு இறங்கியிருந்தார்கள். ராசுவின் கொடிக்காலில் முக்கால்வாசிக் கயிறு அறுந்தாகிவிட்டது.

"வாங்கண்ணா!" என்றான் ராசு. முகமெல்லாம் பல். "தப்பிச்சுட்டமுங்க. நாளைக்கு நீங்க கிள்ளறீங்க."

"டேய், அறுக்காதே! இது நிக்கலடா. திரும்பி வரும். தெக்கெ இருந்து வரும்."

பக்கத்துக் கொடிக்கால் குழந்தைசாமி வேலிக்கு மேலே தலையை நீட்டினார். ஊரில் பெரிய கொடிக்கால்காரர், வாயும் கொஞ்சம் பெரிது. "ஏஞ்சாமி, காத்தென்ன நீங்க வந்த பஸ்ஸுங்களா, போயிட்டுத் திரும்பி வாரதுக்கு? வாடை நின்னா நின்னதுதானுங்க. பொறந்ததுல இருந்து பாக்கறமுங்க."

நான் கடலூர்க் கதையைச் சொன்னேன். கை காட்டினேன், குச்சியால் மண்ணில் சுழல் போட்டுக் காட்டினேன். குழந்தைசாமி மரியாதையாகக் கேட்டார். "அது கடலுங்க. இது காவேரிங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கயிற்றை அறுக்கப் போய்விட்டார்.

ராசு என்னைத் தனியாகக் கூட்டிப் போனான். "நெசமாவே வருமுங்களாண்ணா?"

"வரும்."

"எப்பங்க?"

"தெரியாது."

அவன் மரங்களை அண்ணாந்து பார்த்தான். கயிறு போய்விட்டது, முட்டெல்லாம் தப்பான பக்கத்தில் நிற்கிறது, மாற்றி ஊன்ற ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பிறகு ராசு சொன்னதைக் கேட்டு எனக்கே திக்கென்றது.

"அப்ப எறக்கிப் போடலாமுங்க."

வெற்றிலைக் கொடியை வருஷத்துக்கு ஒரு முறை மரத்திலிருந்து இறக்குவது உண்டு. இலையெல்லாம் கிள்ளி முடிந்தபின், கொடியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விடுவார்கள். அது மறுபடி வேர்விட்டு ஏறும். ஆனால் அது கிள்ளி முடிந்த கொடி. இதுவோ மறுநாள் கிள்ள வேண்டிய கொடி. இப்போது இறக்கினால் கொடி பிழைக்கும், அத்தனை இலையும் மண்ணாகும். காற்று வராவிட்டால், அண்ணன் பேச்சைக் கேட்டு ஒரு வருஷத்து விளைச்சலைத் தன் கையாலேயே மண்ணில் போட்ட முட்டாள் என்று காலமெல்லாம் ஊர் சிரிக்கும்.

"நாளைக்குக் கிள்ளற எலைங்க" என்றாள் ராசுவின் மனைவி பாவாயி. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, முதல் கோரைக்கட்டை அவளே அறுத்தாள்.

மூன்று பேரும் விழுந்தடித்து வேலை செய்தோம். அவள் கட்டை அறுக்க, நான் கொடியைத் தாங்கிக் கீழே இறக்க, ராசு அதைச் சுருட்டிப் பாத்தி மேட்டில் கிடத்தி மண்ணைத் தள்ளினான். இலைகள் உள்ளங்கை அகலம். ஒரு புள்ளியில்லை, ஓட்டையில்லை. மண்டியில் இருபது வருஷமாக வெற்றிலையைப் பார்க்கிறேன், அப்படிப்பட்ட இலை அபூர்வம். அதை மிதித்துக்கொண்டு நடந்தோம். மண் தள்ள நேரம் போதாமல், கடைசி வரிசைகளில் அகத்திக் கொப்பை வெட்டி மூடினோம். தென்மேற்கு மூலையில் கொஞ்சம் தவிர எல்லாம் இறங்கிவிட்டது.

இறங்கியபின்தான் கஷ்டமே ஆரம்பித்தது. காற்று வரவில்லை. மேகம் கலைந்து இளவெயில் அடித்தது. மைனா கத்தியது. பக்கத்துக் கொடிக்காலில், அடிபட்ட இலை கறுப்பதற்குள் கிள்ளி எடுத்துவிட வேண்டும் என்று மும்முரமாக இருந்தார்கள். கூடை கூடையாக வெற்றிலை வெளியே போயிற்று. குழந்தைசாமி வெற்றிலையை எண்ணி ஒரு கவுளிக் கட்டாக அடுக்கிக்கொண்டே, "ஏனுங்க, எங்கீங்க உங்க காத்து? பரமத்தியில காப்பி குடிக்குதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாவாயி மட்டும் வாய்க்கால் கரையில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஆற்றங்கரை வரை போவேன், திரும்புவேன். எச்சிலைத் தொட்டு விரலை உயர்த்திப் பார்ப்பேன், ஒன்றுமிருக்காது. அப்போது நான் நினைத்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காற்றே, வந்து தொலை என்று வேண்டினேன். இந்த ஊர்க் கொடிக்காலெல்லாம் போனாலும் போகட்டும், என் பேச்சு பொய்யாகக் கூடாது என்று வேண்டினேன்.

பிற்பகல் சாய்ந்தது. தெற்கே, ஆற்றுக்கு அக்கரையில் வாழைத்தோப்பு ஒன்று உண்டு. அதன் இலைகளெல்லாம் ஒரே வீச்சில் திரும்பி வெளுத்த அடிப்புறத்தைக் காட்டின. காவிரித் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக நெளிந்து எங்களை நோக்கி வந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். 'வந்துவிட்டது, வந்துவிட்டது' என்று நெஞ்சு குதித்தது. அடுத்த மூச்சில்தான் கொடிக்கால்களுக்குள் ஆட்கள் இருக்கிறார்களே என்ற நினைவு வந்து, "வெளிய ஓடி வாங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஓடி வந்தார்கள். குழந்தைசாமி கடைசியாக, இடுப்பில் ஒரு கூடையோடு வந்தார். அவர் வேலியைத் தாண்டுவதற்கும் உள்ளே அகத்திகள் படபடவென்று முறிவதற்கும் சரியாக இருந்தது. தெற்கே நின்ற முட்டுகளால் ஒன்றும் ஆகவில்லை. மரங்கள் வடக்கே சாய, அவை மரத்தை விட்டுக் கழன்று சும்மா நின்றன. மழையும் அதோடு சேர்ந்துகொண்டது. பொழுது சாயும் வரை பக்கத்து வீட்டுச் சுவரோரம் எல்லோரும் ஒண்டி நின்றோம்.

வெள்ளிக்கிழமை காலை வெளியே வந்து பார்த்தேன். கரும்பு படுத்துக் கிடந்தது. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. பரமத்தி ரோட்டில் ஆலமரம் வேரோடு சாய்ந்து, வேருக்கடியில் ஒரு வண்டி நிற்கும் அளவு பள்ளம். ஏரி உடைத்துக்கொண்டு சோளக்காட்டில் மணல் கொட்டியிருந்தது. கூரை இல்லாத வீடுகளில் சனங்கள் அடுப்பை மூட்டப் பாடுபட்டார்கள். கொடிக்கால்கள் இருந்த இடத்தில் ஒடிந்த அகத்தியும் கிழிந்த கொடியும் பின்னிக் கிடந்தன. ராசுவின் அகத்திகளும் முறிந்துதான் கிடந்தன. ஆனால் கொப்பையும் மண்ணையும் விலக்கிப் பார்த்தால், கொடி பச்சையாக இருந்தது. பாவாயி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துபோய், எனக்குச் சோறு போட்டாள்.

சனி முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை. கடலூரில் மண்டி இருக்கிறதா, போய்விட்டதா? ரோடு திறந்து ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் கிளம்புகிறது என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். வழியனுப்ப ராசு வந்தான். பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், அவன் கொடிக்கால் வாசலில் எட்டுப் பத்துப் பேர். குழந்தைசாமியும் அதில் ஒருவர். அடுத்த நடவுக்கு விதைக்கொடி கேட்டு வந்திருந்தார்கள். ஊரில் உயிரோடு இருக்கும் கொடி ராசுவிடம்தானே இருக்கிறது. பாவாயி ஆளுக்கு ஒரு கட்டு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் மடியை அவிழ்க்கவில்லை.

"ஏன்டா, சும்மாவா குடுக்கறே?" என்றேன். மண்டிக்காரன் வாய் சும்மா இருக்குமா?

பஸ் நிற்கும் இடத்தில், கூரைமேல் சுமை அடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் அவன் என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். பிறகு பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துக்கொண்டான்.

"அண்ணா, அன்னிக்கு வெயில் வந்துச்சுங்களே, அப்ப நானு சாமி கும்புட்டனுங்க. காத்து வரோணும்னு கும்புட்டனுங்க. எல்லாரோடதும் உழுவட்டும், நா மட்டும் ஊரு சிரிக்க நிக்கக் கூடாதுன்னு கும்புட்டனுங்க. கும்புட்டபடியே வந்துருச்சு. இனி அவங்ககிட்டக் காசு வாங்கி, அந்தச் சோத்த எப்படிங்க திங்கறது?"

டிரைவர் வண்டியைக் கிளப்ப, கிளீனர் துருத்தியைச் சுற்ற ஆரம்பித்தான். நான் பஸ் படியில் ஏறினேன்.

"நீ மட்டுமில்லடா கும்புட்டது" என்றேன்.

ராசு சட்டென்று என் முகத்தைப் பார்த்தான். கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பஸ்ஸின் கூரையை நோக்கி, "ஏப்பா, அந்தப் பொட்டியக் கீழ எறக்கு" என்றான். என் பக்கம் திரும்பினான். "அப்ப நீங்களும் இருந்து, குழந்தைசாமியண்ணனுக்கு முறிஞ்ச மரத்த எடுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

கடலூரில் மண்டிக்குக் கூரை இருந்ததோ இல்லையோ, நான் இறங்கினேன்.